எதிரில் நிற்பவர்

புது வைகையில் காலையில் எழுந்ததும் யாரும் முதலில் பல் தேய்ப்பதில்லை. வலது காதுக்குப் பின்னால் தொடுவார்கள். அங்கே தோலுக்கடியில், அரிசிமணி அளவில், கேட்டதற்குப் பதில் சொல்லும் காதுமதி இருக்கிறது.

"நாளைக்கு யாரைக் கேப்டனா வைக்க?"

நாற்பது வீட்டிலும் அது ஒரே பதிலைச் சொல்லும். "சூறை." நாற்பது வீட்டிலும் அதைத் தங்களுக்கு மட்டும் கிடைத்த ரகசியமாக நினைத்துச் சிரித்துக்கொண்டே பல் தேய்க்கப் போவார்கள்.

புது வைகை, செவ்வாயில் ஒரு மேட்டைக் குடைந்து கட்டிய குடியிருப்பு. காற்று உண்டு, தண்ணீர் உண்டு, கீரை உண்டு. ஜன்னல்தான் ஒன்றே ஒன்று. அது முதல் வீட்டில் இருந்தது. அந்த வீடு யாருக்கு என்று அடித்துக்கொண்டு அலுத்தபின் மக்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். எந்திரக் கபடி நடக்கும் பருவத்தில் ஒவ்வொரு வீடும் ஏழு எந்திர வீரர்களைப் பொறுக்கி ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்ளும். அந்த வீரர்கள் ஆடி எடுக்கும் புள்ளி அந்த வீட்டுக்கு. கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. பருவ முடிவில் முதலில் நிற்பவருக்கு ஒரு செவ்வாய் ஆண்டு, அதாவது அறுநூற்றெண்பத்தேழு நாள், ஜன்னல்.

அங்கயற்கண்ணி ஐந்து வருடமாக வானம் பார்க்கவில்லை. அவள் வீடு காற்றுச் சுத்திகரிப்பு எந்திரத்துக்கு முதுகு கொடுத்து நின்றது. சுவர் உறுமும். அந்த உறுமலுக்குத் தாளம் தப்பாமல் அவள் கணவர் தில்லைநாயகம் குறட்டை விடுவார். இந்தப் பருவத்தில் அவள் இரண்டாமிடம். முதலிடத்தில், பதினோரு புள்ளி முன்னால், பக்கத்து வீட்டு மரியதாஸ். காதுமதி சொன்னதை மற்றவர்கள் கடைசி நிமிடத்தில் பயந்து மாற்றிக் கெடுத்துக்கொள்வார்கள். மரியதாஸ் மாற்றமாட்டார். அவ்வளவுதான் அவர் திறமை. நாளை கடைசி ஆட்டம்.

"சூறையவே வச்சுரு கண்ணி. எல்லாரும் அவனத்தான் வைக்கிறாங்க" என்றார் தில்லைநாயகம், போர்வைக்குள்ளிருந்து.

"எல்லாரும் வச்சா எனக்கு எப்படிங்க பதினோரு புள்ளி கிடைக்கும்? மொதல்ல எந்திரிங்க."

"வந்துக்கிட்டே இருக்கேன்."

போர்வை அசையவில்லை.

அவளிடம் ஒரு விதி இருந்தது. பாடிக்கொண்டு போகிற ரைடரைப் பார்க்காதே. அவன் எதிரில் யார் நிற்கிறார் என்று பார். சூறை அழகன்தான். செவ்வாயின் சொற்ப ஈர்ப்பில் பதினைந்து அடி தாவுவான். ஆனால் மேலே போனவன் கீழே வந்துதான் ஆகவேண்டும். வரும் இடத்தில் எதிரணியின் ஓரப் பிடிகாரன், கார்னர், நிற்பான், கணுக்காலைப் பிடிக்க. நாளை அந்த இடத்தில் நிற்கப்போவது ஆப்பு. மூன்று ஆட்டங்களில் சூறை அவனிடமிருந்து நழுவியிருக்கிறான். மூன்று முறையும் அங்கயற்கண்ணி ஆப்பைப் பார்க்கவில்லை. ஆப்பின் கையைக் கோத்து நின்றவனைப் பார்த்தாள். புதியவன். கைகோத்த சங்கிலி இழுபடும்போது கையை விட்டுவிட்டான்.

நாளை ஆப்பின் கையைப் பிடிக்கப்போவது யார்? அது தெரிந்தால் போதும். காதுமதியிடம் கேட்டாள்.

"சூறை" என்றது காதுமதி.

அவள் வேலை காற்றுப் பிரிவில். எந்திரத்துக்கு மூச்சு வாங்காது. விட்டால் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று அடுத்த வெள்ளிவரை பாடும். அதனால் ஒவ்வொரு வீரனின் மார்பிலும் முப்பது விநாடிக்கான காற்றுடன் ஒரு மூச்சுப்பை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவள்தான் நிரப்புவாள். சூறையின் பையை நிரப்பும்போது குழாயை இருபத்தெட்டில் மூடினால் என்ன என்று தோன்றியது. கை ஒரு கணம் நின்றது. தன்னையே திட்டிக்கொண்டு முப்பது வரை நிரப்பினாள்.

"பாத்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆப்பு. கதவு அகலத்துக்குத் தோள். "மூடமாட்டீங்கன்னு தெரியும் அக்கா. அதுக்கு நான் புள்ளியே வைக்கல."

"என்ன புள்ளி?"

ஆப்பு இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற வீரர்கள் சட்டென்று கூரையைப் பார்த்தார்கள்.

"நாங்களும் ஒரு கற்பனை அணி வச்சிருக்கோம். ஆளுக்கு ஏழு பேர்."

"ஏழு யாரு?"

"நீங்கதான். குடியிருப்புக்காரங்க."

அங்கயற்கண்ணி குழாயைக் கீழே வைத்தாள்.

"படுத்துக்கிட்டே 'வந்துக்கிட்டே இருக்கேன்'னு சொன்னா அஞ்சு புள்ளி. 'நாளைலருந்து நடக்கப் போறேன்' மூணு. 'நான் கோவமே படல'ன்னு கத்துனா பத்து. காதுமதி கேக்குறதெல்லாம் எங்களுக்கும் கேக்கும், அக்கா. என் கேப்டன் மரியதாஸ் அண்ணன். பெருமை பேசுனா நிமிசத்துக்கு ஒண்ணு. ஆனா நீங்க எதிர்ல உக்காந்தா மனுசன் படுத்துர்றாரு. நீங்க கொட்டாவி விடுவீங்க. எல்லாரும் அவரப் பாக்குறாங்க. நான் அவருக்கு எதிர்ல யாருன்னு பாப்பேன்."

தன் விதியை இரும்பு வாயில் கேட்டதில் அவளுக்குக் கோபப்படக்கூட மறந்துபோனது.

"இன்னைக்குச் சாயங்காலம் குடியிருப்புக் கூட்டம். ஒரு மணி நேரம் அவர் பேசுறத மட்டும் கேளுங்க. 'அப்புறம்?'னு கேட்டாப் போதும். இந்தப் பருவத்துல எங்களுக்கும் இதான் கடைசி ஆட்டம்."

"நாளைக்கு உன் கையப் பிடிக்கப்போறது யாரு?"

"அச்சு. என் பழைய ஜோடி. தோள்பட்டை மாத்தி வந்துட்டான்."

"இத நீ சொல்றது தப்பில்லையா?"

"ஆட்டக்காரங்க பட்டியல மைதானச் சுவத்துல ஒட்டி நாலு நாள் ஆச்சுக்கா. யாரும் படிக்கல."

அன்று மாலை அங்கயற்கண்ணி மரியதாஸுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் அவர் குரல் வழக்கம்போல் இறங்கியது.

"பூமில இருந்தப்ப நான் ஒருதடவ... சரி, விடுங்க."

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

மரியதாஸ் திரும்பி, தன் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. பிறகு அணை உடைந்தது. தனியாளாக லாரியைத் தள்ளினார். விண்கலத்தின் பழுதை வேட்டி நுனியால் சரிசெய்தார். நாளைய ஆட்டத்தை இன்றைக்கே ஜெயித்தார். "சூறைதான் தங்கச்சி என் கேப்டன். கண்ண மூடிக்கிட்டு!" அவள் ஒன்பது முறை 'அப்புறம்?' கேட்டாள். பத்தாவதற்குத் தாடை வலித்தது. அடுத்த அறையில் நிறுத்தி வைத்திருந்த எந்திரங்கள் ஏனோ தரையைத் தட்டின.

வீட்டுக்கு வந்து ஆப்பைக் கேப்டனாக்கினாள். "தவறான முடிவு" என்றது காதுமதி. "சரி" என்றாள்.

மறுநாள் சூறை தாவினான். கூட்டமே அண்ணாந்தது. அங்கயற்கண்ணி மட்டும் தரையைப் பார்த்தாள். இரும்பு விரலில் இரும்பு விரல் கோத்து ஆப்பும் அச்சும் அவசரமே இல்லாமல் இரண்டடி நகர்ந்து நின்றார்கள். சூறை இறங்கினான். பிடி. மறுபடி தாவினான். மறுபடி பிடி. ஏழு முறை. ஏழாவது முறை சூறை கீழே வர மனமில்லாதவன் போல மேலேயே மெதுவாகச் சுழன்றான். பதினெட்டு புள்ளி வித்தியாசத்தில் அங்கயற்கண்ணி ஜெயித்தாள். தில்லைநாயகத்தைத் தூக்கிச் சுற்றினாள். அந்த ஈர்ப்பில் அது ஒன்றும் கஷ்டமில்லை.

ஜன்னல் வீட்டில் முதல் காலை. அவள் காதைத் தொடவில்லை. நேராகப் போய்த் திரையை விலக்கினாள்.

வானம். வெளிர்மஞ்சள், ஓரத்தில் நீலம். அதன் கீழே செம்மண். செம்மண்மேல், காற்று தேவைப்படாத எந்திர வீரர்கள், வரிசை வரிசையாகக் கால்நீட்டி உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஆப்பு கையாட்டினான்.

திரையைப் படாரென்று இழுத்தாள்.

"மூடாதீங்கக்கா" என்றது காதுக்குள் ஆப்பின் குரல். "புதுப் பருவம் இன்னைக்கு ஆரம்பம். ஜன்னல் வீட்டு ஆளுங்களுக்கு ரெட்டப் புள்ளி."

"வெக்கமா இல்ல? அடுத்தவங்க வீட்டுக்குள்ள..." அவள் நிறுத்தினாள். சுவர் இப்போது உறுமவில்லை. அறை மிகவும் அமைதியாக இருந்தது. "போன பருவத்துல நான் எத்தனாவது?"

"எழுபத்தாறு பேர்ல எழுபத்தொண்ணு."

"மரியதாஸ் அண்ணன்?"

"முதல்."

"அவரா!"

"நல்லாக் கேக்குற ஆள் எதிர்ல இருந்தாங்களே."

அங்கயற்கண்ணி கண்ணாடி முன்னால் போய்த் தலைவாரினாள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். திரையை இரண்டு பக்கமும் முழுக்க விலக்கிக் கட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க! எந்திரிச்சு வந்து எனக்கு எதுத்தாப்ல நில்லுங்க!"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் தில்லைநாயகம்.

போர்வை அசையவில்லை. வெளியே முதல் வரிசை முழுதும் பதினைந்து அடி தாவியது.