டிரம் அதுதான், செடி அதுவல்ல

"ஜெய்தூன்மா, என் செடிய மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் ஐரின் டீச்சர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார். ஆயுள் முழுக்கக் கணக்குப் பாடம் நடத்தியவர், எதற்கும் கலங்காதவர் என்று மரியநாதபுரம் முழுக்கப் பேர்.

ஜெய்தூன் பீவி நிதானமாக எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, கரையான் தின்ற குடோன் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பக்கத்தில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் வீரப்பன், மத்தியான வேளையில் கடையில் ஈ ஓட்டுவதை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தார். ஏதாவது வில்லங்கம் வந்து சேராதா என்று காத்திருக்கும் மனிதர். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தச் செடி டீச்சர்? அந்த ஏஞ்சல் டிரம்பெட்டா?" என்றார் வீரப்பன்.

வேறு எந்தச் செடிக்காக டீச்சர் இப்படி ஓடிவரப் போகிறார்? ஒரு முழ நீளத்தில் வெள்ளைப் பூக்கள், எக்காளம் போல வாய் விரித்துத் தலைகீழாகத் தொங்கும். பகலில் வாசமே இராது. பொழுது சாய்ந்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். ஊமத்தைக்கு உறவு, இலையிலிருந்து விதைவரை விஷம். அதனால் அதைத் தொட்டவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீச்சர் வீட்டிலிருந்து வெளியே வர முடியாது.

குளிர்ந்த மலையில் தானாக வளரும் அந்தச் செடியைத் திண்டுக்கல் வெயிலில் உயிரோடு வைத்திருப்பதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர், சித்திரை வந்தால் பச்சை வலை, டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு, வேர்மேல் தென்னைநார்த் தூள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல டீச்சர் அந்த மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நர்சரிக்காரர்களே வந்து பார்த்துவிட்டு, இது எப்படி இங்கே நிற்கிறது என்று வாய் பிளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன வருஷம் டீச்சரின் மகன் பிராங்கிளினுக்குக் கொடைக்கானலில் பெண் பேசி முடித்தார்கள். பெண் ஷைனி. அப்பா பவுல்ராஜ் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறார். கோடையில் செடி குளுகுளுவென்று இருக்கட்டும் என்று டீச்சர் அதைச் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பினார். வெயில் தணிந்து திரும்ப வரவேண்டிய சமயத்தில் மஸ்கட்டில் மகளுக்குப் பிரசவம். டீச்சர் அங்கே போய்த் திரும்புவதற்குள் அடுத்த கோடையே வந்துவிட்டது. மழையும் பனியும் வெயிலும் மலையிலேயே கழிந்து, இந்த ஆவணியில்தான் ஹாமித்தின் காய்கறி வேனில் செடி கீழே இறங்கியது.

"என் செடி இடுப்பு உயரத்துல கவையாப் பிரிஞ்சு குடை மாதிரி நிக்கும். வந்திருக்கிறது ஒத்தைக் குச்சி. என் செடிக்கு இலை ஓரம் வழவழன்னு இருக்கும், இதுக்குப் பல்லுப் பல்லா இருக்கு. பூவும் இல்ல, மொட்டும் இல்ல. டிரம் என்னுது, செடி என்னுது இல்ல. கேட்டா, 'நீங்க குடுத்த செடிதான் சம்பந்தி'ங்கிறார் பவுல்ராஜ். அந்தப் பொண்ணு வாயே திறக்கல."

"போனாப் போகுது, ஒரு செடிதானே..." என்று வீரப்பன் ஆரம்பித்தார்.

"செடி போகட்டும் வீரப்பன். முகத்தப் பாத்துப் பொய் சொல்ற வீட்ல எப்படிப் பொண்ணெடுக்கிறது? வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் ஓலை வாசிக்கணும். நிறுத்தி வைங்கன்னு பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். பிராங்கிளின் என்கிட்டப் பேசுறதில்ல."

மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத் தடை எதுவும் இல்லை என்றான பிறகுதான் அவர்கள் கோயிலில் கல்யாணம். முதல் ஓலையே நின்றால் ஊருக்கு ஊர் பேச்சாகிவிடும். ஜெய்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, செடியப் பாப்போம்" என்றார்.

டீச்சர் வீட்டுக் கிழக்குச் சுவரோரம், செங்கல்கள்மீது பாதியாக அறுத்த நீல டிரம் உட்கார்ந்திருந்தது. அதில் ஆள் மார்பளவுக்கு ஒரே தண்டு, கவை கிடையாது. பெரிய பெரிய இலைகள். வீரப்பன் கடையிலிருந்து துணி அளக்கும் டேப்பைக் கொண்டுவந்திருந்தார். தண்டை மேலும் கீழும் அளந்து முடித்து, "அக்கா, இது ஹாமித் வேலைதான். வத்தலக்குண்டுல டீக்கு நிப்பாட்டி, நல்ல செடிய எவனுக்கோ தள்ளிவிட்டுட்டு இத நட்டுட்டான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஜெய்தூன் பீவி செடியைப் பார்க்கவே இல்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து டிரம்மின் அடியைப் பார்த்தார். அடியிலிருந்த ஓட்டை வழியாக ஒரு வேர் வெளியே வந்து முனை ஒடிந்து கிடந்தது. ஓட்டைக்கு வெளியே கட்டைவிரல் தடிமன். ஓட்டைக்குள் இடுங்கி, அதை அப்படியே அடைத்திருந்தது. நகத்தால் கீறினார். உள்ளே வெளுப்பு, ஈரம்.

"டீச்சர், இந்த வேர்?"

"அது நான் அனுப்புறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. வெட்ட மனசு வரல" என்றார் டீச்சர். பிறகு காபி போடுவதற்கு உள்ளே போனார்.

அவர் போனதும் ஜெய்தூன் பீவி மேல்மண்ணைக் கிளறினார். மட்கிய வைக்கோல் துண்டுகள் வந்தன. வெள்ளி நிற ஜிகினா இழை ஒன்றும் வந்தது. தண்டை ஒட்டிய தென்னைநார்த் தூளை விலக்கியபோது, முஷ்டி அளவில் ஒரு பழைய கட்டை தெரிந்தது. சாய்வாக, சுத்தமாக வெட்டியிருந்தார்கள். வெட்டுவாயில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ பூசியிருந்தது. அவர் அதைச் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தூளைத் திரும்ப மூடினார்.

"கட்டைய ஒளிச்சு வச்சிருக்கானுக பாத்தீங்களா!" என்றார் வீரப்பன்.

"செத்தப் பொறுங்க வீரப்பன். ஒளிக்கிறவன் வெட்டுவாயில இதப் பூசிக்கிட்டு இருப்பானா?"

வாசலில் பிராங்கிளின் சிடுசிடுவென்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெய்தூன் பீவி கை கழுவிவிட்டு வந்து அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கிறிஸ்துமஸ் குடில எப்பப் பிரிப்பீங்க?"

அவன் விழித்தான். "மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சுதான் பீவிம்மா. ஜனவரி ஆறு. அதுக்கு முன்னாடி யாரும் கை வைக்க மாட்டாங்க."

"சரி. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லு. ஹாமித்தையும்."

வீரப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு நாள் கடையில் சேலைக்குப் பதிலாகச் சந்தேகத்தையே விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை டிரம்மைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். பவுல்ராஜ் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாமித் வந்ததும் வராததுமாக, "நான் வழியில வண்டிய எங்கயும் நிப்பாட்டல டீச்சர். ஏத்துறப்ப அந்தப் பொண்ணு டிரம்ம விட்டு நகரவே இல்ல" என்றார்.

"உங்க மேல சந்தேகமே இல்ல ஹாமித்" என்றார் ஜெய்தூன் பீவி. "யாரும் எதையும் மாத்தல. டீச்சர், இது உங்க செடிதான்."

டீச்சர் எழுந்தே விட்டார். "எனக்கு என் செடி தெரியாதா?"

"உங்களவுக்கு யாருக்குத் தெரியும்? ஆனா அடியப் பாருங்க. இந்த வேர் ஓட்டைய விடப் பெருசு. உள்ள இருந்தும் இழுக்க முடியாது, வெளிய இருந்தும் இழுக்க முடியாது. செடிய மாத்தியிருந்தா வேரை அறுத்திருக்கணும். அறுந்த வேர் இத்தன நாள்ல காஞ்சு சுக்காயிருக்கும். இது பச்சையா இருக்கு. அப்ப வேர் உங்களது. வேர் உங்களதுன்னா செடியும் உங்களது."

"அப்ப கவை எங்க?"

ஜெய்தூன் பீவி தூளை விலக்கிக் கட்டையைக் காட்டினார். "மேல் பாகம் செத்துப்போச்சு. அடியில இருந்து புதுசா வெடிச்சு வந்த தண்டு இது. ஊட்டிப் பக்கம் உறைபனியில கருகுன ஒரு பூந்தோட்டத்துக்கு க்ளெய்ம் பாக்கப் போனேன், அங்க பாத்திருக்கேன். வேர்ல இருந்து வர்றது திரும்பச் சின்னப் பிள்ளையாயிடும். இலையில பல்லு இருக்கும், நேரா வளரும், கவை விட்டாத்தான் பூக்கும். உங்க கையில இது ஒரு தடவகூட அடியோட போனதில்ல டீச்சர். இம்புட்டு வெயில்லயும் நீங்க போக விட்டதில்ல. அதனாலதான் இப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியல."

டீச்சர் மெல்ல உட்கார்ந்தார்.

"மலைக்காரங்களுக்குப் பனி தெரியாதா அக்கா? உள்ள எடுத்து வச்சிருப்பாங்களே" என்றார் வீரப்பன்.

"நல்ல கேள்வி. இந்த மண்ணுல வைக்கோல் இருந்துச்சு. வைக்கோல் மட்டும்னா வண்டியில முட்டுக் கொடுக்க வச்சதுன்னு நெனைக்கலாம். ஜிகினா மட்டும்னா கல்யாண வீட்டு அலங்காரம். ரெண்டும் சேந்து இருக்கிற இடம் குடில். சம்மனசுகளுக்கு, அதான் தேவதூதர்களுக்கு, எக்காளம் வேணும்னு இந்தப் பூச்செடியக் குடிலுக்குப் பின்சுவரா நிப்பாட்டியிருக்காங்க. வெட்ட வெளியில. மூணு ராஜாக்கள் வர்ற வரைக்கும் அதக் கலைக்கக் கூடாது. அதுக்குள்ள உறைபனி கொட்டிருச்சு."

பவுல்ராஜின் விறைப்பு தளர்ந்தது. "இவ அழுதா. 'செடிய உள்ள எடுத்துருவோம்ப்பா, கருகிரும்'னு. பாலன் இயேசுவ வச்ச குடில நடுவுல பிரிக்கக் கூடாதுன்னு நான்தான் கத்துனேன். கல்யாணம் பேசுன வருஷத்துல இதெல்லாம் சகுனமாயிடும்னு, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். தப்பு என்னுதுங்க சம்பந்தி. பிள்ளையத் தப்பா நினைக்காதீங்க."

"நினைக்க வழியே இல்லையே" என்றார் ஜெய்தூன் பீவி. "வெட்டுவாயில பூசியிருக்கிறது மெழுகு. தண்ணி இறங்கி அழுகிடக் கூடாதுன்னு மெழுகுவர்த்தி உருக்கி ஊத்தியிருக்கு. தடயத்த மறைக்கிறவங்க செஞ்ச வேலையா இது? இது வைத்தியம். இன்னொண்ணும் தோணுது. குடிலுக்குக் கூரை உண்டு. கூரைக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்த கிளை கருகியிருக்காது. ஏம்மா, அது எங்க?"

ஷைனி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். வெளியே போய், தாங்கள் வந்த ஹாமித்தின் வேனிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வந்தாள். முழங்கால் உயரச் செடி. அந்த உயரத்திலேயே ஒரு வெள்ளைப் பூ தொங்கியது. பொழுது சாய்ந்திருந்தது. வாசம் மெல்ல எல்லோரையும் சுற்றியது.

"இன்னைக்கு எப்படியும் சொல்லிடணும்னுதான் கொண்டாந்தேன் அத்தை" என்றாள்.

டீச்சர் பூவைத் தொடவில்லை. பரீட்சைத் தாளைப் பார்ப்பது போலத் தண்டைப் பார்த்தார்.

"எங்க வெட்டுன?"

"கவைக்கு மேல. கீழ வெட்டுனாப் பூக்க ரொம்ப நாளாகும்னு நீங்க ஒருதரம் போன்ல சொன்னீங்க."

"பனியில எப்படி வேர் விட வச்ச?"

"ராத்திரி ராத்திரி அடுப்படியில வச்சிருவேன். வெயில் வந்ததும் வெளிய. மண்ணத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தண்ணி."

டீச்சர் குனிந்து டப்பாவின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். தன்னைப் போலவே ஒருத்தி அந்த மலையில் தனியாக, பயந்துகொண்டே, அந்தக் குச்சிக்குக் காவல் இருந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. மனசு நிறைந்துபோனது.

"செடி போனதுல எனக்குக் கோவமில்ல பவுல்ராஜ். சொல்லாததுலதான். இனி என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது" என்றார். பிறகு கைபேசியை எடுத்தார். "சாமி, ஐரின் பேசுறேன். நாளைக்கு ஓலைய வாசிச்சிருங்க. தடையா? ஒண்ணும் இல்ல சாமி, நான் அவசரப்பட்டுட்டேன்."

பிராங்கிளின் பல நாளுக்குப் பிறகு "அம்மா" என்றான்.

ஷைனி டப்பாவை டிரம்முக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அத அங்க வைக்காத. அது உன் செடி. கல்யாணத்துக்கு அப்புறம் நீயே கொண்டுவா."

இவ்வளவு நேரமும் அழாமல் நின்றவள் அப்போதுதான் அழுதாள்.