ஏழு வயதுக்கு ஒரு வாசல்

வேல்ஸ் மலையடிவாரத்தில் இருந்த அந்த ஏழைகள் இல்லத்தை இடித்துத் தள்ளி நாற்பது வருடம் ஆகிறது. மிஞ்சியது முகப்பில் இருந்த காவலாளி மனை மட்டும்தான். கோதிக் பாணியில் கூர்நுனி வளைவுகள், மழையில் கறுத்த கல், உச்சியில் மணியில்லாத மணிக்கூண்டு. பழங்கட்டடங்களைப் பதிவு செய்வது நெரிஸின் வேலை. சனிக்கிழமை மதியம் மகள் எலெரியோடு காரில் வந்து இறங்கினாள். பிறந்தநாளும் அதுவுமாகப் பிள்ளையை வீட்டில் விட்டுவர மனசில்லை.

காவலாளி அறைக்குள் ஈரச் சுண்ணாம்பு நாற்றம். பின்சுவரில் ஒரு பெரிய வாசல். பக்கத்திலேயே, செங்கல் வைத்து அடைத்த ஒரு சின்ன வாசல்.

"இதைத் திறந்துடுங்க எம்ரிஸ்."

கிழக் கொத்தனார் எம்ரிஸ் உளியைத் தொடவில்லை. "வேணாம்மா. எங்கப்பா காலத்துல அடைச்சது. காரணமில்லாமலா அடைச்சிருப்பாங்க?"

"குளிருது, டீ குடிக்கணும்னு நேராச் சொல்லுங்களேன்!"

பழங்கல் விஷயத்தில் நெரிஸ் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எம்ரிஸ் முணுமுணுத்துக்கொண்டே செங்கற்களை உருவினார். கடைசிக் கல் விழுந்ததும் எலெரி குனிந்து, அந்தப் பக்கம் துள்ளிப் போனாள்.

அந்தப் பக்கம் வெறும் புல்வெளி.

எலெரி இல்லை.

நெரிஸ் கத்திக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி ஓடிவந்தாள். ஈரப் புல்லில் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

அப்போதுதான் சுவருக்குள் ஒரு கரகரத்த ஆண்குரல் கேட்டது.

"வயசு?"

"ஏழு. இன்னைக்குத்தான் ஆச்சு." எலெரியின் குரல்.

நெரிஸ் நகம் பிய்யச் சுவரைப் பிறாண்டினாள். எம்ரிஸ் அவள் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

"இடிச்சா வராதும்மா. அந்தக் காலத்துல இந்த இல்லத்துல பிள்ளைக்கு ஏழு வயசாயிட்டா தாய்கிட்டேருந்து பிரிச்சு, இந்த வாசல் வழியாத்தான் அனுப்புவாங்க. திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னா பெத்தவங்க மூணு மணி நேரம் முன்னாடி சொல்லணும். இங்க அதுதான் சட்டம்."

காவலாளி அறைச் சுவரில் இருந்த சின்ன ஜன்னலில் வாயை வைத்தாள் நெரிஸ். "என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

உள்ளே பேனா கீறும் சத்தம்.

அந்த மூன்று மணி நேரம் பெற்ற வயிறு பட்ட பாடு சொல்லி மாளாது. எம்ரிஸ் ஊற்றிக் கொடுத்த டீ ஆடை படிந்து கிடந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், மணியில்லாத கூண்டில் மணி அடித்தது.

சின்ன வாசலில் எலெரி நின்றாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. உடம்பெல்லாம் கார்பாலிக் சோப்பு வாசனை.

நெரிஸ் அவளை வாரி எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். பின்கதவைத் திறந்து உட்கார வைத்தாள். எலெரி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதேம்மா. உள்ள நிறையப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் யாரும் வரவே இல்லையாம். 'உன்கூட வேற யாரு போறாங்க'ன்னு அந்த ஆளு கேட்டாரு."

"நீ என்னடி சொன்னே?"

"எல்லாரும் என் தங்கச்சிங்கன்னு சொல்லிட்டேன்."

எலெரி மெல்ல ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்து இருக்கையின் பெல்ட் தானாக நீண்டு, டக்கென்று மாட்டிக்கொண்டது.

நெரிஸ் பின்கதவை அறைந்து சாத்தப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.