ஈரச் சந்தனம்

விடிந்ததும் விடியாததுமாகப் புந்தோங் ஊரிலுள்ள அந்த வீட்டில் செம்பு பறந்தது.

“சந்தனம்னு சொன்னேன்... இது சந்தனமாடீ? பிஸ்கோத்து! எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு!”

மாமியார் செல்லாயியைக் கொதிக்க வைத்தது கூடத்துச் சுவர். அவள் மகள் பாப்பாவைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். முந்தின நாள் வெள்ளையடிக்க வந்த மாயாண்டி சுண்ணாம்பில் காவி கலந்து, சுவரில் இரண்டு பட்டை அடித்துக் காட்டினான். மருமகள் நவமணிக்குப் பிடித்தது வெளிர் பிஸ்கோத்து நிறம், மாமியாருக்குச் சந்தனம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கைப்பிடிக் காவி. அதற்காக, பட்டை காய்வதற்குள் வீடே இரண்டுபட்டது. கடைசியில் நவமணிதான், ஏழு வருடப் பழக்கத்தில், ஆசையை விழுங்கிக்கொண்டு, “அத்தே சொன்னதையே அடிங்கண்ணே” என்றாள். செல்லாயி கோயிலுக்குப் போய் இருட்டித் திரும்புவதற்குள் முதல் பூச்சு முடிந்திருந்தது.

“நீங்க சொன்னதைத்தான் அத்தே...” என்று இழுத்தாள் நவமணி.

“பொய்! நான் கோயிலுக்குப் போன நேரமா மாத்திட்டே!”

கணவன் ஐயாவு, கங்காணியாக இருந்தபோது இருநூறு பேரை அதட்டியவன். ஆத்தா முன்னால் அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.

“பெட்டியைக் கட்டு! காம்பார்ல உன் அண்ணன் வீட்டுச் சுவத்துல போயி அடிச்சுக்கோ!”

நவமணி தகரப் பெட்டியை வாசலில் வைத்தாள். கண்ணீரைவிடக் கோபமே அதிகமாக இருந்தது. “ஏழு வருசம்... கஞ்சின்னா கஞ்சி, பட்டினின்னா பட்டினி! ஒரே ஒரு சுவரு கேட்டேன். அதையும் விட்டுக் குடுத்தேன்... அதுக்குப் பேரு திருட்டா?”

அப்போது இரண்டாம் பூச்சுக்கு வந்த மாயாண்டி, நடப்பது புரியாமல் சுண்ணாம்பு மட்டையை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தான்.

“இதோ! இதான்டா என் சந்தனம்!” என்று அலறினாள் செல்லாயி. “நேத்து எங்கடா ஒளிச்சே?”

“நேத்து கலக்குன அதே வாளிதான் பெரியம்மா. ஈரத்துல சந்தனம், காஞ்சா வெளுத்துரும்லா. ஒங்களுக்குச் சந்தனமே வேணும்னா நாள் பூரா நனைச்சுக்கிட்டே இருக்கணும்.”

யாரும் நம்பவில்லை. முகூர்த்தத்துக்குக் காத்திருப்பதுபோல் அத்தனை பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் சந்தனம், செல்லாயியின் கண்ணெதிரே, பிஸ்கோத்தானது.

ஐயாவு பெட்டியை மறுபடி உள்ளே எடுத்து வைக்கக் குனிந்தான்.

“தொடாதீங்க!” என்றாள் நவமணி. “ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னைய? நான் போறேன். கூப்பிடணும்னா ஒங்க ஆத்தாவே காம்பாருக்கு வரட்டும்!”

அவள் தெருவில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் பின்னால் செருப்பில்லாத காலடி ஓடி வந்தது.

“காம்பார் வரைக்கும் என்னால முடியாதுடீ...” மூச்சிரைக்க அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள் செல்லாயி. “இங்கயே கூப்பிடுறேன்... தப்பு என்னோடதுதான்... வா தாயி!”