நான்கு தேசிக்காய்கள்

நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய்கள் வைத்தாயிற்று. மாலையும் போட்டாயிற்று. சபைத் தலைவர் அம்பலவாணர் பேனாவைத் திறந்தார்.

கையெழுத்துப் போட்டால் வண்டி தீவுக்குச் சொந்தம். பழைய தீயணைப்பு வண்டிதான். புதுச் சிவப்புப் பூச்சில் பளபளத்தது.

விற்க வந்த தில்லைநாதன் மூன்றாம் தரம் சைரனை அலறவிட்டார். பள்ளிக்கூட வளவில் நின்ற எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"அங்கால சுருவில் ஊர் வரைக்கும் கேக்கும்" என்றார் அவர்.

வினோஜா கையை உயர்த்தினாள். அவளுக்குப் பத்து வயது.

"தண்ணி பாய்ச்சிப் பாத்தனீங்களோ?"

"வாயை மூடு" என்றார் அம்மா. "பெரியாக்கள் கதைக்கினம்."

தில்லைநாதன் சிரித்தார். "பிள்ளை, உங்களுக்குக் குடிக்கிற தண்ணியே பவுசர் லொறியில வருது. அதை நிலத்தில ஊத்தச் சொல்லுறீரோ?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தீவில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினாலும் வீட்டில் ஏச்சு விழும்.

வினோஜாவின் காதுகள் சுட்டன. போன வருடம் அவர்கள் வீட்டு ஆட்டுக் கொட்டில் எரிந்தது. நகரத்து வண்டி பாலம் கடந்து வருவதற்குள் கூரைக் கிடுகும் இல்லை, தாங்கி நின்ற கப்பும் இல்லை. மணியன் என்ற கிடாயும் இல்லை.

"சைரனைப் பாத்தியள். லைற்றைப் பாத்தியள். கதிரையில ஏறி இருந்தும் பாத்தியள்" என்றாள். "சைரனாலை நெருப்பு நூருமோ?"

அவள் கிணற்றுப் பக்கம் கையை நீட்டினாள்.

"பள்ளிக்கூடக் கிணறு உவர். ஒருத்தரும் குடிக்கிறேல்லை. தென்னம்பிள்ளையளுக்குத்தான் ஊத்துறனாங்கள். இண்டைக்கு எங்கட வகுப்பு முறை. நாப்பது வாளி. அதை வண்டி ஊத்தட்டும். ஒரு சொட்டும் வீண் போகாது."

"உவர்த் தண்ணி பம்புக்குக் கூடாது" என்றார் தில்லைநாதன்.

"அப்ப இஞ்ச நெருப்புப் பிடிச்சால் எந்தத் தண்ணி? உங்கட கையில இருக்கிற போத்தில் தண்ணியோ?"

யாரோ சிரித்தார்கள். தில்லைநாதன் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அம்பலவாணர் பேனாவை மூடினார். "பிள்ளை கேக்கிறது சரிதானே. கிணத்தடிக்கு விடும்."

"பொறுங்கோ" என்றாள் வினோஜா. குனிந்து நான்கு தேசிக்காய்களையும் எடுத்தாள். "இது இப்ப நசியக் கூடாது. இன்னும் எங்கட வண்டி இல்லை."

குழாயைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பம்பு உறுமியது. வண்டி முழுக்க நடுங்கியது. மற்றக் குழாயின் வாயை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அது இருமியது. ஒரு கோப்பை அளவு துருச் சிவப்பில் கறள் தண்ணீர் வந்து தில்லைநாதனின் வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"நீண்ட தூரம் ஓடி வந்தது. களைச்சுப் போச்சு" என்றார் தில்லைநாதன்.

"உந்த வண்டியைக் கொண்டுபோம்" என்றார் அம்பலவாணர். "பூச்சைப் பாத்துக் கையெழுத்து வைக்கப் போனனே."

அவரே மாலையைக் கழற்றினார்.

அன்று வினோஜாவின் வகுப்பு நாற்பது வாளி அள்ளியது. இருபதுக்குப் பிறகு அம்பலவாணரும் ஒரு வாளியைத் தூக்கினார்.

பத்து நாள் கழித்து வேறொரு வண்டி வந்தது. பூச்சு உரிந்திருந்தது. சைரன் தொண்டை கட்டியதுபோல் கத்தியது.

"முதல்ல கிணத்தடிக்கு விடும்" என்றார் அம்பலவாணர்.

தண்ணீர் பாய்ந்தது. கடைசித் தென்னம்பிள்ளைக்கும் அப்பால், மதில் வரை பாய்ந்தது. வினோஜா தலை முதல் கால் வரை நனைந்தாள். அம்மா ஏசவில்லை.

அம்பலவாணர் கையெழுத்துப் போட்டார். வினோஜா ஈரப் பையிலிருந்து அதே நான்கு தேசிக்காய்களை எடுத்தாள். தோல் சுருங்கியிருந்தது.

"புதுசா வாங்கியிருக்கலாமே" என்றார் அம்மா.

"பழசெண்டாலும் உள்ளுக்குச் சாறு இருக்கு."

சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். வண்டி நகர்ந்தது. நான்கும் சாறு தெறிக்க நசிந்தன.