காற்றுக்குக் கதவு எங்கே?

அம்மான் நகரத்து மலைத் தெருக்களில் கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். ருலாவின் அப்பா கஸ்ஸானுக்கு இரண்டும் தெரியும். அவருடைய பழைய வெள்ளைக் காருக்குத்தான் இரண்டாவது மறந்துவிட்டது.

பிரேக்கை மிதித்தால் கார் இடப்பக்கம் இழுத்தது. முன்சக்கரத்தில் கருகல் வாசனை வேறு.

அதுவும் எந்த நேரத்தில்! நாளை மதியம் மைசூன் அத்தை நாப்லுஸ் ஊரிலிருந்து எல்லைப் பாலம் கடந்து வருகிறார். ருலா அவரை ஃபோனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பாலத்துக்குப் போகும் சாலையோ வளைந்து வளைந்து பள்ளத்தாக்கில் இறங்கும். பெருநாள் நெருங்கிவிட்டதால் வாடகைக் காரும் கிடைக்கவில்லை.

"பிரேக் சரியாகாம அந்த இறக்கத்துல யாரும் போகக் கூடாது. சொல்லிட்டேன்!" என்றார் அம்மா.

"ராவியா, மைசூன் பத்து வருஷம் கழிச்சு வர்றா. அங்க நம்ம முகம் ஒண்ணுகூட இல்லைன்னா அவ மனசு என்ன பாடுபடும்?" என்றார் அப்பா அம்மாவிடம்.

அம்மா உள்ளே போய்விட்டார். ருலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நல்லவேளையாக நிதால் சித்தப்பா கருவிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். முற்றத்தில் காரைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள்.

"டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்குதே, இந்தக் காலிப்பர்தான் வில்லன். உள்ள பிஸ்டன் துருப்பிடிச்சு சிக்கிக்கிச்சு. கவ்வினா விட மாட்டேங்குது" என்றார் சித்தப்பா.

"உன்னை மாதிரி. சாப்பாட்டைக் கண்டா விட மாட்டியே!" என்றார் அப்பா.

வாங்கி வந்த ரப்பர் வளையங்கள் இரண்டு பக்கத்துக்கும் இருந்தன. அதனால் வலது காலிப்பரையும் கழற்றினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவி, துருவைத் தேய்த்து, புது வளையம் மாட்டினார்கள்.

சின்ன வயதிலிருந்தே அந்த இருவருக்கும் எல்லாவற்றிலும் போட்டிதான். ஆளுக்கொரு காலிப்பரைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு சக்கரத்துக்கு ஓடினார்கள்.

"நான் முடிச்சிட்டேன்!"

"நான் உனக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்!"

இனி பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ருலா டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

"யல்லா, சீக்கிரம் மிதி! பிடிச்சுக்கோ... இப்ப விடு!"

மிதித்தாள், விட்டாள். சித்தப்பா காலிப்பரிலிருந்த சின்னத் திருகைத் திறந்து திறந்து மூடினார். அதில் மாட்டிய குழாய் வழியாகக் குமிழிகள் பாட்டிலுக்கு வந்தன. பிறகு நின்றுவிட்டன. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

"முடிஞ்சுது! பெடல் எப்படி இருக்கு?"

"தலைகாணி மாதிரி இருக்கு சித்தப்பா. மிதிச்சா உள்ளயே போகுது."

மறுபடியும் செய்தார்கள். ருலாவின் கால் வலித்ததே தவிர, பெடல் இறுகவில்லை.

"உன் பக்கம்தான் கோளாறு" என்றார் சித்தப்பா.

"என் வேலையில கோளாறா? நீதான் அரக்கப்பரக்க மாட்டின!"

சத்தம் கேட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார். "அப்ப நாளைக்கு யாரும் போகலை, அப்படித்தானே?"

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ருலா இறங்கி வந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியை இறுக்கி லேசாகக் குலுக்கினாள். உள்ளே இருந்த குமிழிகள் எல்லாம் மேலே ஏறின. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்போதும் மேலேதான் ஏறின. பிறகு தரையில் படுத்து இரண்டு சக்கரங்களையும் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, காற்று எப்பவும் மேலதானே போகும்?"

"ஆமாம்மா."

"அது வெளிய போற கதவு இந்தத் திருகுதானே?"

"ஆமா."

"அப்ப கதவை ஏன் கீழ வச்சிருக்கீங்க? காற்று உள்ள மொட்டை மாடியில உக்காந்திருக்கும். எப்படி வரும்?"

அப்பா குனிந்தார். சித்தப்பாவும் குனிந்தார். இரண்டு காலிப்பர்களிலும் திருகு கீழே இருந்தது.

"ஐயோ! பக்கம் மாத்தி மாட்டிட்டோம்!"

"நீதான் என்னோடதைத் தூக்கிட்டுப் போன!"

"நீதான் முதல்ல எடுத்த!"

ருலா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒண்ணு மாறினா இன்னொண்ணும் மாறித்தானே ஆகணும்? ரெண்டும் பெருநாள் விருந்துக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணு போயிருக்கு. பாவம், அதது வீட்டுக்கு அனுப்பிடுங்க."

சித்தப்பா முதலில் சிரித்தார். அப்பாவுக்கும் அடக்க முடியவில்லை.

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றது ஜன்னல். ஆனால் கொஞ்ச நேரத்தில் புதினாத் தேநீர் வந்தது.

இந்த முறை போட்டி இல்லை. அப்பா காலிப்பரைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா போல்ட்டை முடுக்கினார். திருகு மேலே நின்றது. ருலா மிதித்தாள். குமிழிகள் குபுகுபுவென்று வந்தன. இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு அப்பா! கல்லு மாதிரி!"

சக்கரங்களை மாட்டி, தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்த இடத்தில் கார் நேராக நின்றது. அம்மாவே ஏறி உட்கார்ந்து இன்னொரு முறை நிறுத்தச் சொன்னார். நின்றது. "சரி, போகலாம்" என்றார். அப்போதுதான் ருலாவுக்கு மூச்சே வந்தது.

மறுநாள் அத்தனை வளைவுகளிலும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

பாலத்தின் இந்தப் பக்கத்து வாசலில் ஒரே கூட்டம். பெட்டியை இழுத்தபடி மைசூன் அத்தை வெளியே வந்தார். அவர் கண்கள் அங்கும் இங்கும் தவித்தன.

"அத்தே! அத்தே!"

அத்தனை முகங்களுக்கு நடுவே அத்தை முதலில் கண்டது ருலாவின் முகத்தைத்தான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.