இரண்டு பேருக்கு ஒரு வாய்

ஒரே வாயை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்குப் பேசுவது எவ்வளவு களைப்பு தெரியுமா? என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். வகுப்பில் எனக்கு ‘வானொலி’ என்று சும்மாவா பட்டப்பெயர் வைத்தார்கள்?

என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு ‘ஓரம்’ என்று பட்டப்பெயர். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கதவோரத்து இடத்தைத் தவிர வேறெங்கும் அவள் உட்கார மாட்டாள். இங்கே சேர்வதற்கு முன் அவள் வீடு தீப்பிடித்தபோது கதவு திறக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டாளாம். தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்துத்தான் அவளையும் அவள் அம்மாவையும் வெளியே கொண்டுவந்தார்கள். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில். இவள் சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிறாள். தீப்பிடித்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால் அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். “டீச்சர், இவளுக்குத் தண்ணி வேணுமாம்.” “டீச்சர், இவ பேனா எழுதலையாம்.” சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டியிருக்கும். சாப்பிடும்போதே கண் சொக்கும்.

“என்னடி, வானொலியில பேட்டரி தீந்துபோச்சா?” என்பார் அப்பா. பதில் சொல்லக்கூடத் தெம்பிருக்காது.

எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை ஆலோசகர் அக்கா வருவார். மனதில் பாரமுள்ள பிள்ளைகள் அவரிடம் தனியாகப் பேசலாம். அவருக்கு இன்னும் பல பள்ளிகள் உண்டு. பையை இறக்கி வைக்கும்போதே பெருமூச்சு விடுவார். ஓரத்தை அறைக்குள் கூட்டிப்போய், யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்துவார். அது அவர் வேலையின் விதி. திரும்பி வரும்போது அக்காவின் முகம் வாடியிருக்கும். ஓரத்தின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும்.

ஒரு நாள் ஓரத்தை நான்தான் அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் தலைமையாசிரியர் அக்காவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குதே. இன்னிக்கும் பேசலைன்னா, காத்துக்கிட்டிருக்கிற வேற பிள்ளைக்கு இந்த நேரத்தைக் குடுத்துடலாம்.”

அக்கா மறுத்துப் பேசவில்லை. அவருக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும்.

அக்காவும் கைவிட்டால் இவள் யாரிடம் போவாள்? என் தொண்டைதான் எத்தனை நாள் தாங்கும்?

தலைமையாசிரியர் போனதும் அக்கா எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு வழக்கம்போலக் கதவில் கைவைத்தார். ஓரம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் பார்த்தது அக்காவை அல்ல, தாழ்ப்பாளை. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மழைச்சாரல் அடித்தால்கூட வகுப்புக் கதவைச் சாத்தவிடாமல் காலை நீட்டித் தடுக்கிறவள் ஆயிற்றே இவள்!

“அக்கா, சாத்தாதீங்க! சாத்தின கதவுன்னாதான் இவளுக்குப் பயம்.”

அக்கா திகைத்து நின்றார். ஓரம் மெல்லத் தலையாட்டினாள்.

“ஐயோ, இத்தனை நாளும் நானே…” அக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “ஆனா தொறந்து வச்சா, போறவங்க வர்றவங்க காதுல விழுமேம்மா.”

“நான் வாசல்ல காவலுக்கு உக்காந்துக்கிறேன். ஒரு ஈ காக்கா வராது.”

“உன் காதுல விழுந்தா? வானொலி ஊருக்கே ஒலிபரப்பிடுமே!”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

“நான் கத்திக் கத்தி வாய்ப்பாடு சொல்றேன். அப்ப எனக்கு வேற ஒண்ணும் கேக்காது.”

கதவு அகலத் திறந்திருந்தது. அறைக்கு முதுகைக் காட்டி, வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஆறு வரை தடங்கலில்லை. ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் எனக்கும்தான் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

“ஏழேழு நாப்பத்தொம்பது! ஏழெட்டு… அம்பத்திநாலு!”

“அம்பத்தாறு.”

கரகரத்த, சின்னக் குரல். அது அக்காவின் குரல் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஓரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு மறுபடி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏழொம்பது அறுவத்திரெண்டு!” என்று உரக்கச் சொன்னேன். இந்தத் தடவை தப்பென்று எனக்கே தெரியும்.