தம்புவின் பெயரில் ஒரு வரி

நாகநாதன் வந்தபோது சந்திரிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எரிந்துபோன கடைகளையும் மோதிக்கொண்ட லாரிகளையும் பார்த்து, யார் சொல்வது உண்மை, யார் சொல்வது கதை என்று காப்புறுதிக் கம்பெனிக்குக் கண்டறிந்து சொல்வது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு மீனும் மௌனமும் வேண்டும். அவள் கணவன் தங்கராஜு அப்படியில்லை. மனைவியின் வழக்குகள்மேல் அவளைவிட அவனுக்கு ஆவல் அதிகம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் நாகநாதனை அவன்தான் கையோடு அழைத்து வந்திருந்தான்.

“செத்துப்போனவர் எழுதுறாருக்கா,” என்றான் நாகநாதன்.

சந்திரிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. இணையம் வீடுகளுக்குள் சரியாக வந்துசேராத காலம். நாகநாதன் கெலுகோரில் தான் ஓர் அறையில் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் கூடத்தில் ஒரு கணினியை வைத்து, அதற்கென்று தனியாக ஒரு தொலைபேசி இணைப்பும் வாங்கி, ‘பினாங்குப் பலகை’ என்று ஒன்றை நடத்திவந்தான். கணினி உள்ளவர்கள் அந்த எண்ணுக்கு அழைத்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் பதில்களெல்லாம் அதன்கீழ் வந்து சேர்ந்துகொண்டே போகும். அதை இழை என்பார்கள். டிராலி பஸ் ஓடிய காலத்தைப் பற்றி ஓர் இழை, மூடிப்போன திரையரங்குகளைப் பற்றி ஓர் இழை என்று அந்தச் சாயங்காலங்களில் பழைய ஜார்ஜ் டவுன் திரும்பவும் நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் கணினியில் இடம் குறைவு. மூன்று மாதம் யாரும் எழுதாத இழையை இயந்திரமே அழித்துவிடும். அதற்கு முந்தைய வாரம் அந்த இழையின் பெயரை எச்சரிக்கையாகத் திரையில் காட்டும்.

பலகைக்கு வந்தவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் தம்பு, ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் ஓர் இழை தொடங்கியிருந்தார். இளவயதில் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தான் எடுபிடி வேலை பார்த்ததாகவும், அங்கே தட்டச்சாளராக இருந்த கமலாக்கா தனக்காக ஒரு வேலை விண்ணப்பத்தை அழகாகத் திருத்தி அடித்துக் கொடுத்ததாகவும், அதனால்தான் துறைமுகத்தில் தனக்கு உத்தியோகம் கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். செய்தியைச் சொல்ல ஓடிப்போனபோது கமலாக்கா வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ‘கமலாக்காவை யாராவது பார்த்தீர்களா’ என்பதுதான் அந்த இழையின் பெயர்.

பதில் வருமுன் தம்பு இறந்துபோனார். சிலர் அனுதாபம் எழுதினார்கள். பிறகு இழை ஓய்ந்தது. அது அழியவேண்டிய வாரத்தில் தம்புவின் பெயரிலேயே ஒரு வரி வந்தது. அடுத்த முறை அழியவிருந்தபோது இன்னொரு வரி. போன மாதம் மறுபடியும்.

அக்கரையில் பிறை என்னும் ஊரில் இருந்த தம்புவின் மகள் யோகலட்சுமிக்கு யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். அவள் நாகநாதனைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள். அப்பாவின் பெயரில் விளையாடுவது யாரென்று கண்டுபிடிக்காவிட்டால் போலீசில் புகார் கொடுப்பேன் என்றாள். அப்படி நடந்தால் பலகையை மூடவேண்டியதுதான்.

யார்மேல் சந்தேகம் என்று சந்திரிகா கேட்டாள். நாகநாதன் தயங்கி, அலாவுதீன் என்றான். பலகையைத் தொடங்கியபோது கூடவே இருந்து கணினியை அமைத்துக் கொடுத்த நண்பன். பழைய இழைகளை அழிப்பது பாவம் என்று சண்டை போட்டவன். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இயந்திரத்துக்குள் தானாகவே எழுதும் நிரல் எதையோ அவன் ஒளித்து வைத்திருக்கிறான் என்பது நாகநாதனின் கணிப்பு.

“வெளியிலேருந்து யாரும் எழுதியிருக்க முடியாதுக்கா. போன மாசம் அந்த வரி வந்த சாயங்காலம் இடி இடிச்சு லைன் செத்துப்போச்சு. வேலையிலேருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கல. மறுநாள்தான் ரிப்பேர் பண்ணினாங்க. ஆனா வரியில அன்னைக்குச் சாயங்கால நேரம்தான் இருக்கு.”

“அப்போ அலாவுதீன்தான் லா. வேற யாரு?” என்றான் தங்கராஜு. அவனைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

நாகநாதன் அச்சடித்துக் கொண்டுவந்திருந்த தாள்களைச் சந்திரிகா கழுவிய மீனை மறந்துவிட்டுப் படித்தாள். தம்பு உயிரோடிருந்தபோது எழுதியவை முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடின. ஒற்றை விரலால் அடிப்பதாக அவரே கேலியாக எழுதியிருந்தார். பிறகு வந்த மூன்று வரிகளும் சிறியவை. ‘கமலாவை இன்னும் தேடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.’ ‘கமலா பற்றிச் செய்தி உண்டா. காத்திருக்கிறேன்.’ மூன்றாவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு தாளை அவள் வெளிச்சத்தில் பிடித்து, முற்றுப்புள்ளிக்குப் பின்னால் இருந்த இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் மாலை அவளும் தங்கராஜுவும் கெலுகோர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் ‘பிச்சைமுத்து’ என்று பெயர்ப்பலகை. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. வீட்டுக்காரம்மாவை அக்கம்பக்கத்தில் எல்லோரும் பிச்சைமுத்தம்மா என்றே அழைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர். தேநீர் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அந்த நாற்காலிக்கு எதிரேதான் கணினி. கூடத்து மூலையில் துணி உறை போட்ட தட்டச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. சந்திரிகா கணினியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இங்கேயே உட்கார்ந்து எழுதினால் கடவுச்சொல் கேட்குமா? கேட்காது, பெயரை அடித்தால் போதும் என்றான் நாகநாதன்.

சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் அந்தக் கூடத்தில் கூடினார்கள். அலாவுதீன் கதவோரம் நின்றான். யோகலட்சுமி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிச்சைமுத்தம்மா தேநீர்த் தட்டோடு வந்தார்.

“அலாவுதீன் தம்பி எதையும் ஒளிச்சு வைக்கல,” என்று தொடங்கினாள் சந்திரிகா. “தானா எழுதுற நிரல் அதே வரியத்தான் திரும்பத் திரும்ப எழுதும். இது ஒவ்வொரு தடவையும் யோசிச்சு எழுதினது. லைன் செத்திருந்தப்போ எழுதினதுன்னா, இந்தக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துதான் எழுதியிருக்கணும்.”

தங்கராஜுவின் முகம் வாடியது. அவள் தொடர்ந்தாள். “தம்பு ஐயா ஒத்தை விரல்ல அடிக்கிறவர், புள்ளியே வைக்கமாட்டார். இந்த வரிகள்ல ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால ரெண்டு இடம் விட்டிருக்கு. தட்டச்சு முறையாப் படிச்சவங்க கை அது, அந்தக் காலத்துப் பழக்கம். இன்னொண்ணு, ஐயா எத்தனையோ தடவை அந்த அம்மாவைப் பத்தி எழுதியிருக்காரு. ஒரு இடத்துலகூட ‘கமலாக்கா’ இல்லாம ‘கமலா’ன்னு எழுதல. அவரை மாதிரி எழுத நினைக்கிற யாரும் அந்த அக்காவை விட்டிருக்க மாட்டாங்க. அதை எழுதக் கூச்சப்படுறவங்க உலகத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். தன் பேருக்குப் பின்னால தானே அக்கான்னு யாராவது போட்டுக்குவாங்களா?”

பிச்சைமுத்தம்மா தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

“என் பேரு கமலாம்பிகை,” என்றார்.

யோகலட்சுமி எழுந்துவிட்டாள். “எங்கப்பா தேடினப்போ நீங்க இங்கேயேதான் இருந்தீங்களா? ஒரு பதில் போட்டிருக்கலாமே.”

தான் அந்த இழையைப் பார்த்ததே தம்பு இறந்த பிறகுதான் என்றார் கமலாம்பிகை. பலகையில் ஒரு நல்ல மனிதர் தவறிவிட்டார் என்று நாகநாதன் வருத்தப்பட்டு, அனுதாபச் செய்திகளைத் திரையில் காட்டியிருக்கிறான். மேலே படித்துக்கொண்டே போனபோது தன் பெயரைக் கண்டிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். இந்தியத் தமிழரான பிச்சைமுத்துவைக் கட்டிக்கொள்ள வீட்டில் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் வேலைக்கு வருவதுபோல் புறப்பட்டு, அவரோடு கூலிம் பக்கம் போய்விட்டார். வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று கம்பெனியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பா அம்மா சாகும்வரை அவர் பெயரை வாயில் எடுக்கவில்லை. காலப்போக்கில் அவரைக் கமலா என்று கூப்பிட யாருமே இல்லாமல் போனது.

“என்னை யாரும் தேடலன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிட்டிருந்தேன்,” என்றார். “ஒருத்தன் தேடியிருக்கான். அது அழிஞ்சுபோகப் போவுதுன்னு திரையில வந்துச்சு. என் பேர்ல எழுதினா தேடுறது முடிஞ்சுபோயிடுமேன்னு தோணுச்சு. அவன் தேடிக்கிட்டே இருக்கட்டும்னு அவன் பேர்லயே எழுதினேன். உனக்கு இப்படி வலிக்கும்னு நினைக்கலம்மா. தப்புதான்.”

நாகநாதன் அலாவுதீனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். அலாவுதீன்தான் அருகில் வந்து, பழைய இழைகளை அழிக்காமல் பூட்டி வைத்தால் என்ன, டிஸ்க் வாங்குவது தன் பொறுப்பு என்றான். பூட்டிய இழையில் யாரும் புதிதாக எழுத முடியாது. வேண்டியவர்கள் எப்போதும் படிக்கலாம். நாகநாதன் சரியென்று தலையசைத்து, அவன் நிற்பதைக் கண்டு தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான்.

யோகலட்சுமி வெகுநேரம் நின்றபடியே இருந்தாள். அவள் பிறக்கும்போதே தம்புவுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கண்டிப்பான தலைமை எழுத்தராகத்தான் அவரை அவளுக்குத் தெரியும். பிறகு அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கமலாம்பிகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா அந்த வயசுல எப்படி இருப்பாரு?”

கமலாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முத நாள் அவங்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தான். கை முழுசும் மறைஞ்சு விரல் நுனி மட்டுந்தான் தெரிஞ்சுது. எங்கடா உன் கைன்னு, ஆபீசுல எங்களுக்கெல்லாம் மேல இருந்த பெரிய கிராணி கேட்டாரு. வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் சார், நாளைக்குக் கொண்டாறேன்னு சொன்னான் பாரு…”

அங்கே வந்தபின் முதல்முறையாக யோகலட்சுமி சிரித்தாள். சந்திரிகா தங்கராஜுவுக்குக் கண் காட்டினாள். இருவரும் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளே அடுத்த கதை தொடங்கியிருந்தது.